படமெடுக்கும் பாம்பும் பெயர் சுமந்த பருந்தும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பேசுவதற்கு ஒரு தலைப்புத் தருமாறு செயலாளர் அவர்கள் நம்மைக் கேட்டார். "பறவைகளையும் பாம்புகளையும் படம் பிடித்தல்" என்று எழுதிக் கொடுத்தோம். அவர் தாளை இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நம் பிள்ளைகளுக்குத் தேர்வாணையத் தேர்வு பற்றிச் சொன்னால் பயன்படுமே" என்று தயங்கினார். அவர் தயக்கத்தில் பொருள் இல்லாமல் இல்லை. குடிசையில் விளக்கு வைத்துப் படித்து, முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த சமுதாயம் இது. காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் உலவுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்றே நம்மவர் பலர் எண்ணுகின்றனர். தேர்வு பற்றிப் பேச இங்கே நம்மினும் வல்லவர் பலர் உளர். ஆகவே எழுதிக் கொடுத்த தலைப்பிலேயே நிற்கின்றோம். அதற்குக் காரணமும் உண்டு.

தமிழில் "படமெடுத்தல்" என்னும் சொல்லுக்கு இரு பொருள். நல்லபாம்பு தலையைத் தூக்கிக் கழுத்தை விரிப்பதும் படமெடுத்தல்தான். மனிதன் காமிராவால் செய்வதும் படமெடுத்தல்தான். பாம்பு படமெடுப்பது தாக்குவதற்காக அன்று. "இதற்கு மேல் நெருங்காதே" என்று எச்சரிப்பதற்காக. மனிதன் படமெடுப்பது எதற்காக என்பதுதான் கேள்வி. அதற்கு விடை, காமிராவின் எந்தப் பக்கத்தில் நாம் நின்றோம் என்பதைப் பொறுத்தது.

நம் முன்னோர் நின்ற பக்கம் எது? எட்கர் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் 1885 முதல் எழும்பூரிலுள்ள சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். கருவிகளைக் கொண்டு மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார்; படங்கள் எடுக்கச் செய்தார். 1909-ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்ட நூலை, ரங்காச்சாரியின் துணையுடன் வெளியிட்டார். அதிலுள்ள செய்திகள் ஆராய்ச்சியாளருக்கு இன்றும் உதவுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்நூலின் படங்களைப் பாருங்கள். பெரும்பாலான படங்களின் கீழே சாதியின் பெயர் உண்டு. மனிதனின் பெயர் இல்லை. அதே அருங்காட்சியகத்தில், அடுத்த கூடத்தில், பஞ்சு அடைத்த பறவைகளும் குப்பியில் ஊறும் பாம்புகளும் அவ்வவற்றின் இனப்பெயர்ச் சீட்டுடன் இருந்தன. நம் பாட்டனும் இருளர் பாட்டனும் சாரைப் பாம்பும் ஒரே முறையில் பெயரிடப்பட்டனர். அக்காமிராவின் முன்னே நின்றவர்களின் பேரர் இன்று காமிராவைக் கையில் எடுக்கும்போது, அவர்கள் பார்வை சற்று வேறாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையன்று.

பறவைகளுக்கே நம் பெயரைச் சூட்டிய கதையும் உண்டு. தாம்பரம் மார்க்கெட்டின் மேலே வட்டமிடும் கரிய பருந்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கோழிக் கழிவைக் கண்டால் இறங்கி அள்ளிச் செல்லும். வால் நடுவே பிளவுபட்டிருக்கும். கடலோரத்தில் இன்னொரு பருந்து உண்டு: உடல் செம்மண் நிறம், தலையும் மார்பும் வெண்மை. இதனைச் செம்பருந்து என்றும் கருடன் என்றும் சொல்வர். கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வாரும் உளர். ஆங்கிலப் பறவை நூல்கள் செம்பருந்துக்கு இட்ட பெயர் "பிராமினி கைட்." கரிய பருந்துக்கு இட்ட பெயர் "பறையா கைட்." நாட்டு நாய்க்கும் "பறையா நாய்" என்றே பெயர். பறவை ஆராய்ச்சியில் நிகரற்ற சாலிம் அலி 1941-இல் முதன்முதலாக வெளியிட்ட புகழ்பெற்ற நூலும் வழிவழி வந்த இப்பெயர்களையே கையாண்டது. குப்பையைத் தின்பதால் அது தாழ்ந்த பறவை, தாழ்ந்ததால் நம் பெயர் என்பது அவர்கள் கணக்கு.

இனிக் காமிராவைக் கேட்போம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் வலையை உதறும்போது பாருங்கள். கழித்துப் போட்ட மீனுக்காகக் கரிய பருந்தும் வரும், செம்பருந்தும் வரும். இரண்டும் ஒரே குப்பையைத்தான் பொறுக்குகின்றன. செம்பருந்து செத்த மீனையும் நண்டையும் விரும்பித் தின்னும் பறவை என்பது எல்லா நூலிலும் உள்ள செய்தி. நம் பள்ளி இயற்கை மன்றத்து மாணவர் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து எடுத்த படம் ஒன்று அறிவியல் ஆய்வுக்கூடத்தில் மாட்டப்பட்டுள்ளது. கீழே எந்த விளக்கமும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பார்ப்பவர்கள் தாமே சிரிக்கின்றனர்.

கரிய பருந்தின் பொது ஆங்கிலப் பெயர் இப்போது "பிளாக் கைட்." பழைய பெயர் நூல்களில் ஏறக்குறைய ஒழிந்தது. செம்பருந்தின் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. அமெரிக்கப் பறவையியல் கழகம் மனிதர் பெயர் தாங்கிய பறவைப் பெயர்களை மாற்றுவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. அடிமை முறையை ஆதரித்தோர் பெயர் பறவைக்கு எதற்கு என்று அங்கே வினா எழுந்தது. பெயர் சிறிய செய்தி என்று எண்ணாதீர்கள். இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், எப்பெயரைச் சொல்லி இழித்தார்களோ அப்பெயரையே தலைப்பாக இட்டு 1893-இல் "பறையன்" என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். அச்சுப்பொறி நம்மவர் கைக்கு வந்தபோது நடந்தது அது.

நிற்க. எங்கே சென்று படமெடுப்பது என்பதற்கு வருவோம். தொலைதூரக் காடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. தாம்பரத்தைச் சுற்றி சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என ஏரிகள் உள்ளன. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு வந்தபின் காக்கப்பட்ட புதர்க்காடு இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. உரிய இசைவு பெற்றுத்தான் உள்ளே செல்ல வேண்டும். நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிச் சரிவில் கொம்பு வைத்தாற்போன்ற காது இறகுகளுடன் பெரிய ஆந்தை குடியிருக்கிறது.

இவை யாவற்றினும் மேலானது பள்ளிக்கரணை. மழைநீர் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளிலிருந்து வழிந்து வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயையும் கோவளம் கழிமுகத்தையும் அடைந்து கடலில் சேரும் சதுப்பு நிலம் அது. ஒரு காலத்தில் பரந்து கிடந்த நிலத்தின் பெரும்பகுதி குப்பைக்கும் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் போய்விட்டது. எஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டு மாடியில் நின்று இரவைக் கழித்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கின்றீர்கள். உங்களிடத்தில் வந்தது அடையாற்று நீர். பள்ளிக்கரணைப் பக்கம் சேர்வது வேறு நீர். ஆயினும் தண்ணீருக்குத் தங்க இடம் இல்லையென்றால் அது நம் வீட்டில் வந்து தங்கும் என்னும் பாடம் இரண்டிடத்திலும் ஒன்றே. சதுப்பு நிலம் வீணாய்க் கிடக்கும் நிலம் என்று இனி யாரேனும் சொன்னால், அவர் அந்த ஆண்டில் வேறு ஊரில் இருந்தவராக இருக்க வேண்டும்.

நவம்பர் முதல் மார்ச்சு வரை அங்கே சென்று பாருங்கள். பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து, புள்ளிமூக்கு வாத்து, நெடுங்கால் உள்ளான், மிதக்கும் இலைமேல் நடக்கும் இலைக்கோழி, நீலப் பட்டுடுத்திச் சிவப்பு நெற்றியுடன் வரும் தாழைக்கோழி என வரிசையாகக் காணலாம். உடலை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பாம்புத்தாரா என்றொரு பறவை உண்டு. முதன்முதல் காண்பவர் பாம்பென்றே அலறுவர். வந்த மாணவருள் ஒருவர் கல்லைக் கையில் எடுத்துவிட்டார். அது இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்த பிறகே கல் கீழே விழுந்தது.

படமெடுக்கும் முறையில் சிலவற்றை மட்டும் சொல்கின்றோம். சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும். காலை ஆறரை முதல் எட்டரை வரையிலான ஒளிக்கு ஈடு நண்பகலில் இல்லை. பறவையின் கண்ணில் ஒளிப்புள்ளி தெரிந்தால் படத்துக்கு உயிர் வந்துவிடும். அதற்குப் பறவையின் கண் உயரத்திற்கு நீங்கள் இறங்க வேண்டும், அதாவது சேற்றில் முழங்காலிட வேண்டும். இதில் நம் பிள்ளைகளுக்கு இயல்பான தேர்ச்சி உண்டு. வெள்ளைக் கால்சட்டையுடன் வருபவர்கள்தாம் தவிக்கின்றனர். பறக்கும் பறவையை உறையவைக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத் திறப்பு வேண்டும். கைபேசியால் தொலைவிலுள்ள பறவையை எடுக்க இயலாது என்று மனம் தளர வேண்டாம். பறவை சிறிதாகவும் நீர்ப்பரப்பு பெரிதாகவும் உள்ள படமே சில வேளை உண்மையைக் கூடுதலாகச் சொல்லும். பின்புறம் குப்பைமேடு தெரிந்தால் அதை வெட்டி எறியாதீர்கள். பெருங்குடிக் குப்பைமேட்டின் முன்னே பூநாரை நிற்கும் படம், வெறும் பூநாரைப் படத்தைவிட நூறு பங்கு பெறும்.

கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவைத்துப் படமெடுக்கும் ஈனத்தனம் மட்டும் வேண்டவே வேண்டாம். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்த பறவை, திரும்பிச் செல்வதற்கான கொழுப்பை இங்கே தின்றுதான் சேர்க்கிறது. நீங்கள் ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அதன் வழிச்சோற்றில் ஒரு கவளம் பிடுங்குகிறீர்கள். கூட்டின் மேலுள்ள இலையை விலக்குவதும் குற்றமே. வெளிச்சத்துக்காக நீங்கள் விலக்கிய இலைவழியே காகமும் பார்க்கும்.

இதனை நமக்குமுன் உணர்ந்தவர்கள் வேடந்தாங்கல் மக்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, படாளம் வழியாகப் பேருந்தில் சென்றுவிடலாம். வெள்ளையர் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் எதிர்த்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. தீபாவளிக்கும் அங்கே வெடியோசை கேட்பதில்லை.

படமெடுப்போருள் நாம் போற்றும் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மா. கிருஷ்ணன் 1912-இல் பிறந்தவர். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவின் மகன். சென்னையில் வாழ்ந்து, 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். தமிழிலும் எழுதினார். கறுப்பு வெள்ளையில்தான் படமெடுத்தார். விலையுயர்ந்த கருவி எதுவும் அவரிடம் இல்லை. பல காமிராக்களின் உதிரிகளைத் தாமே பொருத்தி ஒன்றைச் செய்து, அதற்குச் "சூப்பர் பாண்டரோசா" என்று கேலிப்பெயரும் இட்டுக்கொண்டார். அதைச் சுமந்து நடந்து சென்று யானைகளை எடுத்தார். ஒரு சுருளுக்கு 36 படம் என்று எண்ணி எடுத்த காலத்தில் நாம் கற்றுக்கொண்டோம். அவர் அதனினும் கடினமான காலத்தவர். கையில் கைபேசி மட்டும் உள்ள இளைஞர் எவரும் கருவி இல்லையே என்று இனிக் குறைசொல்லக் கூடாது.

இனிப் பாம்புகள். சேலையூரைப் பற்றி இவ்வவையில் பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. ரோமுலஸ் விட்டேக்கர் என்னும் அமெரிக்க நாட்டில் பிறந்த இளைஞர், 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தம் பாம்புப் பண்ணையை முதன்முதலில் தொடங்கிய இடம் சேலையூர்தான். 1972-இல் அது கிண்டிக்குச் சென்று நாடறிந்த பாம்புப் பண்ணை ஆயிற்று. அவருக்குப் பாம்பைக் கற்பித்தவர்கள் யார்? இருளர்கள். இவ்வுண்மையை அவரே பலமுறை எழுதியும் பேசியும் உள்ளார். அதற்காக அவரை மதிக்கின்றோம்.

இருளர் பட்டியல் சாதியினர் அல்லர், பழங்குடியினர். நம்முடைய வழக்கு வேறு, அவர்களுடைய வழக்கு வேறு. எனினும் ஊருக்குப் புறத்தே குடியிருத்தல் என்னும் ஒரு செய்தியில் அண்டை வீட்டார் நாம். நம்மவருள்ளும் சிலர் இருளரைக் கண்டால் ஒரு படி விலகி நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

எலி வளையைக் கடப்பாறையால் தோண்டி நெல் எடுத்தும், பாம்பைப் பிடித்துத் தோல் விற்றும் அவர்கள் வாழ்ந்தனர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை நிறுத்தின. சட்டம் நல்ல சட்டம். ஆனால் ஒரு சமுதாயத்தின் அடுப்பு அணைந்தது. அந்நிலையில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் செல்லும் சாலையில் வடநெம்மேலியில், 1976-இல் நிறுவப்பட்ட முதலைப் பண்ணையின் வளாகத்திலேயே அது இயங்கிவருகிறது. உரிமம் பெற்ற உறுப்பினர் பாம்பைப் பிடித்து வருவர். மண்பானையில் சில வாரம் வைத்து, சில முறை நஞ்சு எடுத்து, மறுபடி உடனே பிடிபடாதபடி வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சும் மருந்து ஆலைகளுக்குச் செல்கிறது. அங்கே குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் குருதியிலிருந்து மருந்து எடுக்கின்றனர். நாட்டில் பாம்புக்கடி மருந்துக்குப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இக்கைகள் வழியே சென்றதாகும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58 ஆயிரம். மாடியில் கட்டிலில் படுப்பவர்கள் அல்லர் அவர்கள். வயலில் வெறுங்காலுடன் நடப்பவர்கள், தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள். கட்டுவிரியன் இரவில்தான் வரும். அதன் கடி வலிப்பதில்லை. விடியலில் வயிறு வலிக்கிறது என்று எழுந்தவர் மருத்துவமனை சேருமுன் முடிந்துவிடுவதுண்டு. கொசுவலையைப் பாயின் அடியில் செருகிப் படுத்தால் கட்டுவிரியனும் அண்டாது. கடிபட்டால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்து அங்கே இலவசம். மந்திரிப்பவரிடம் போகும் வழியில் செலவாகும் அரைமணி நேரம் ஓர் உயிரின் விலை. படமெடுத்து அடையாளம் காட்ட வேண்டும் என்று கடித்த பாம்பைத் தேடி அலையவும் வேண்டாம். மேற்சொன்ன நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான் தருகின்றனர்.

பாம்பைப் படமெடுப்பது அச்சமற்றவர் வேலை அன்று, பொறுமையுள்ளவர் வேலை. பாம்பின் நீளத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத தொலைவில் நில்லுங்கள். கோலால் தூக்காதீர்கள், வாலைப் பிடித்து நின்று தாமே படம் எடுத்துக்கொள்ளும் மூடத்தனத்தால் இளைஞர் பலர் மாண்டுள்ளனர். அனுமதியின்றிப் பிடிப்பது சட்டப்படி குற்றமும் ஆகும். பாம்புக்கு இமை இல்லை; மின்னொளியை முகத்தில் அடிக்கும்போது மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை என்பதை நினையுங்கள். கண்ணாடி விரியன் குக்கர் சீறுவதுபோல் சீறும். சுருட்டை விரியன் செதிலோடு செதிலை உரசி ஒலியெழுப்பும். இவ்வொலி கேட்டபின் ஓரடியும் முன்னே வைக்க வேண்டாம்.

சாரையும் நல்லபாம்பும் பிணையும் என்று நம் ஊர்களில் சொல்வர். பின்னிப் பிணைந்து எழுந்தாடும் இரண்டு பாம்புகளைப் படம்பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டும் சாரை, இரண்டும் ஆண். அது காதல் அன்று, மற்போர். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அப்படியே. 2015 வெள்ளத்தின்போது வீடுகளுக்குள் வந்த பாம்புகளை மக்கள் அடித்துக் குவித்தனர். அவற்றை ஒவ்வொன்றாகக் கைபேசியில் எடுத்துவைத்தான் நம் மாணவன் ஒருவன். பின்னர் வடநெம்மேலியில் காட்டியபோது, ஒன்று நீங்கலாக எல்லாம் நஞ்சில்லாத தண்ணீர்ப் பாம்புகள் என்று தெரிந்தது. இப்போது அத்தெருவில் எவரும் பாம்பைக் கண்டவுடன் தடியைத் தேடுவதில்லை, அவனைத் தேடுகின்றனர்.

கடலோரத் தீவு ஒன்றில் நடந்ததைச் சொல்லி முடிக்கின்றோம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தென்முனையில் மணிமாலைபோல் தீவுகள் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று கீ லார்கோ. முதலைக்கும் நீர்ப்பறவைக்கும் காப்பிடம் அங்கே உண்டு. செல்லப் பிராணியாக வளர்க்கக் கொண்டுவந்து, பின் காட்டில் விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் அம்மாநிலத்தின் தெற்கில் பெருகிவிட்டன. எவர்கிளேட்ஸ் சதுப்பில் ரக்கூன் என்னும் விலங்கு 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-இல் வெளியான ஆய்வு கூறியது. தீவுக்கே உரிய அரிய எலியினமும் ஆபத்தில் சிக்கியது. செயற்கைக்கோள், வானொலிக் கருவி, மோப்ப நாய் என எல்லாம் இருந்தும் அவர்களுக்குப் பாம்பு கண்ணில் படவில்லை. புல்லின் நிறமும் அதன் நிறமும் ஒன்று.

2017 ஜனவரியில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரைப் புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் அழைத்துச் சென்றனர். இருவரும் பள்ளிப் படிப்பு இல்லாதவர்கள். சாலையோரமாக வண்டியில் சென்று தேடும் முறையை விட்டு, புதருக்குள் இறங்கி நடந்தனர். மண்ணில் தேய்ந்த தடம், எச்சம், உரித்த சட்டை, புல் சாய்ந்த திசை ஆகியவற்றைப் படித்தனர். அம்மாதத்திலேயே 13 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் 4 கீ லார்கோத் தீவில். ஒன்று 16 அடி நீளப் பெண்பாம்பு. பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டில் அது பதுங்கியிருந்தது. உலகப் பத்திரிகைகள் அப்படத்தை வெளியிட்டன.

அப்படத்தை நம் பள்ளியில் தர்ஸ்டன் நூலின் படம் ஒன்றன் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். இரண்டிலும் இருளர் இருக்கின்றனர். ஒன்றில் சாதி மட்டும். மற்றதில் மாசி, வடிவேல் என்ற பெயர்கள். 2023-இல் குடியரசுத் தலைவர் பத்மஸ்ரீ விருது வழங்கியபோதும் பட்டியலில் அப்பெயர்களே இருந்தன. இரண்டு படத்துக்கும் இடையே நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இவர்கள் பேரன் பேத்திக்குச் சாதிச் சான்றிதழ் கிடைத்துவிட்டதா?" என்று கேட்டாள். இருளர் குடும்பங்கள் பல சான்றிதழுக்காக இன்னமும் அலுவலகம் அலுவலகமாக நடப்பதை அவள் அறிவாள். அவளுடைய தோழி ஒருத்தி அதனாலேயே உதவித்தொகையை இழந்தவள். வகுப்பில் விடை சொல்ல நம்மால் ஆகவில்லை. அம்மாணவியையே விண்ணப்பம் எழுதச் சொன்னோம். தோழியின் வீட்டையும் குடியிருப்பையும் படமெடுத்து உடன் இணைத்தாள். காமிராவுக்கு இதுவும் ஒரு வேலை.

சங்கத்தார் அன்புகூர்ந்து, பழைய காமிரா ஒன்றும் பைனாகுலர் இரண்டும் நூலகத்தில் வைக்க இசைந்துள்ளனர். ஜனவரியில் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறும். எவரும் பங்கு பெறலாம், கட்டணம் இல்லை. நூலகரிடம் ஒரு பேரேடு கொடுத்துள்ளோம். படமெடுப்போர் ஒவ்வொருவரும் நாள், இடம், உயிரினத்தின் பெயர், அப்பகுதி மக்கள் வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுத வேண்டும். "படமெடுத்தவர்" என ஒரு கட்டமும் "காட்டியவர்" என அடுத்து ஒரு கட்டமும் கோடிட்டுள்ளோம். காட்டியவர் கட்டம் வெறுமையாக இருந்தால் படத்தை ஏற்க வேண்டாம் என்று நூலகரிடம் சொல்லியிருக்கின்றோம். முதல் பக்கத்தில் இதுவரை ஒரே பதிவு உள்ளது. நீலத் தாழைக்கோழி, குஞ்சுகளுடன், பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பாக்கம் பக்கம். எடுத்தவன் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். காட்டியவர் கோரை அறுக்க வந்த அவனுடைய ஆயா. அவர் பெயரை அவன் தலைப்பெழுத்தோடு முழுமையாக எழுதியிருக்கிறான்.